"ஏம்மா டாக்டருக்குப் படிக்கணும்?" – மருத்துவப் படிப்பு நேர்காணலும் நம் பெண் பிள்ளைகளும்



குழு ஆரம்பித்து ஆறு மாதம் முடிந்ததும் வங்கியிலிருந்து கிரேடிங் பார்க்க வந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? வந்தவர் கேட்கும் முதல் கேள்வி எல்லா ஊரிலும் ஒன்றுதான். "எதுக்காகக் குழு ஆரம்பிச்சீங்க?" பன்னிரண்டு பேரும் ஒரே குரலில், "பெண்கள் முன்னேற்றத்துக்காகங்க சார்!" அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்ததைக் கேட்பார். "சரி, போன மாசம் உள்கடன் யாருக்குக் கொடுத்தீங்க? எதுக்கு?" அங்கேதான் பல குழுக்கள் திணறும். ஊக்குநர் முகத்தைப் பார்க்கும். ஆனால் ஏதாவது ஒரு மூலையில் இருந்து ஒரு அக்கா, "தடைக்காலத்துல கடலுக்குப் போகல சார், கருவாடு வாங்கி விக்கறதுக்கு ரெண்டாயிரம் எடுத்தேன், ஐந்து தவணையில கட்டினேன்" என்று சொல்லிவிட்டால் போதும். வந்தவர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பிப்பார்.

மருத்துவப் படிப்புக்கு நடக்கும் நேர்காணலும் ஏறக்குறைய இதே கதைதான். கோவளம், தேவனேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் பக்கம் கூட்டத்துக்குப் போகும்போது, "எம் பொண்ணு நீட்டு எழுதப் போவுது மேடம், இன்டர்வியூல என்ன கேப்பாங்க?" என்று இப்போது நிறைய அம்மாக்கள் கேட்கிறார்கள். கேட்கும்போதே குரலில் ஒரு பயம். "நாங்க படிக்காதவங்க, நாங்க என்ன சொல்லிக் குடுக்க முடியும்?" என்பார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித் தரப் பெரிய படிப்பு வேண்டாம் என்பதுதான் நான் சொல்ல வருவது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். சேர நேர்காணல் கிடையாது. 1965-ல் தொடங்கிய நம் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்கும் இதுதான். நீட் மதிப்பெண், தரவரிசைப் பட்டியல், கலந்தாய்வு, அவ்வளவுதான். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பிள்ளைகளுக்கு 2020-ல் வந்த சட்டப்படி 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்த பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஆகவே, "இன்டர்வியூல ஆள் இருக்கு, ரெண்டு லட்சம் கொடுத்தா மார்க் போட வெச்சிடலாம்" என்று யாராவது வீடு தேடி வந்தால், அந்த ஆள் திருடன். இல்லாத நேர்காணலுக்கு யார் மார்க் போட முடியும்? அந்தப் பணம் நகையை அடகு வைத்து வந்ததாக இருக்கும், இல்லை நம் குழுக் கடனாக இருக்கும். வாசலிலேயே அனுப்பி விடுங்கள்.

நேர்காணல் உள்ள இடங்கள் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று, புனேயில் உள்ள ராணுவ மருத்துவக் கல்லூரி. நீட் எழுதிய பிறகு மத்திய கலந்தாய்வுக் குழுவின் இணையதளத்தில் இந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்ய வேண்டும். மதிப்பெண் பார்த்துக் கூப்பிடுவார்கள். அங்கே போனால் ஒரு எழுத்துத் தேர்வு, நேர்காணல், உடல் பரிசோதனை எல்லாம் உண்டு. பெண்களுக்கான இடம் ஆண்களைவிட மிகவும் குறைவு. இரண்டாவது நம் பிள்ளைகளுக்கு இன்னும் பொருத்தமானது: ராணுவ நர்சிங் பணிக்கான பி.எஸ்சி. நர்சிங். இது பெண்களுக்கு மட்டும். நான்கு வருடப் படிப்பு, செலவை ராணுவம் பார்த்துக்கொள்ளும், முடித்தால் லெப்டினன்ட் அதிகாரியாக வேலை. 2022 முதல் இதற்கும் நீட் மதிப்பெண் பார்க்கிறார்கள். அதன் பிறகு தேர்வும் நேர்காணலும். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். வயது, மதிப்பெண் விவரங்கள் வருடத்துக்கு வருடம் மாறக்கூடும், அந்தந்த வருட அறிவிப்பைப் பள்ளி ஆசிரியரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முன்பு தமிழ்நாட்டிலும் நேர்காணல் இருந்தது. 1970-ல் மாணவர்கள் போட்ட வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. அப்போது நேர்காணலுக்கு 75 மதிப்பெண். விளையாட்டு, என்.சி.சி., உடல் திறன், பொதுத் திறமை என்று தலைப்புகள் இருந்தன. ஆனால் எந்தத் தலைப்புக்கு எத்தனை என்று பிரிக்காமல் மொத்தமாகப் போட்டிருந்தார்கள். அது சரியில்லை என்று நீதிமன்றம் சொன்னது. யோசித்துப் பாருங்கள். "பொதுத் திறமை" என்றால் என்ன? குப்பத்திலிருந்து ரப்பர் செருப்போடு வந்த பெண்ணும், வக்கீல் வீட்டுப் பிள்ளையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தால் யாருக்கு அந்த மதிப்பெண் போகும்? நேர்காணல் போனது நம் போன்றவர்களுக்கு நல்லது என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆனால் மறுபக்கமும் ஒன்று உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் நீட் வருவதற்கு முன் பிள்ளைகளைச் சில நாள் கல்லூரியிலேயே தங்க வைத்து, பேசிப் பார்த்து, சேர்ந்து வேலை செய்ய வைத்துப் பார்த்துத்தான் எடுத்தார்கள். படித்து முடித்துக் கிராமத்து மருத்துவமனைக்குப் போகிற மனசு இருக்கிறதா என்பதை மார்க் ஷீட்டில் பார்க்க முடியாது என்பது அவர்கள் வாதம். அதற்காக 2017-ல் 100 எம்.பி.பி.எஸ். இடத்தில் ஒரே ஒருவரை மட்டும் சேர்த்துவிட்டு மீதியைக் காலியாகவே விட்டார்கள். 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லோருக்கும் நீட்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. இங்கிலாந்து, கனடா போன்ற நாடுகளில் இன்றைக்கும் நேர்காணல் இல்லாமல் டாக்டர் படிப்பு கிடையாது. சில கல்லூரிகளில் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் ஒருவர், சில நிமிடம், ஒரு கேள்வி. மணி அடித்தால் அடுத்த அறை.

எந்த நாடாக இருந்தாலும் கேள்விகள் சுற்றிச் சுற்றி இரண்டுக்குள் வந்து நிற்கும். ஏன் இந்தப் படிப்பு? இதைப் பற்றி நீ என்ன பார்த்திருக்கிறாய், என்ன செய்திருக்கிறாய்?

முதல் கேள்விக்கு நம் பிள்ளைகள் எல்லோரும் சொல்லும் பதில், "ஏழைகளுக்குச் சேவை செய்யணும்." பொய் இல்லை, மனசார சொல்வதுதான். ஆனால் முன்னால் உட்கார்ந்திருப்பவர் அன்று காலையிலிருந்து இதை முப்பது தடவை கேட்டிருப்பார். அவருக்கு அது "பெண்கள் முன்னேற்றத்துக்காகங்க சார்" மாதிரிதான் கேட்கும். எந்த ஏழை, என்ன நோய், நீ எங்கே நின்றுகொண்டிருந்தாய் என்பதுதான் அவருக்கு வேண்டும்.

சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையாரையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க டாக்டர் குடும்பம், அப்பாவும் டாக்டர். ஆனால் அந்தப் பெண்ணுக்கு டாக்டராக இஷ்டமில்லை. 1890-களில் நம் பக்கத்துத் திண்டிவனத்தில் அப்பா வீட்டில் இருந்தபோது ஒரே ராத்திரியில் மூன்று பேர் தனித்தனியாக வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று பேர் வீட்டிலும் பிரசவம் சிக்கல். மூன்று பேருமே ஆண் டாக்டரை உள்ளே விடமாட்டோம், நீங்கள் வாருங்கள் என்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவர் டாக்டர் இல்லையே, என்ன செய்வார்? விடிவதற்குள் மூன்று தாய்மாரும் இறந்துவிட்டார்கள். அவர் அமெரிக்கா போய்ப் படித்து 1900-ல் திரும்பி வந்தார், 1918-ல் வேலூரில் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார். ஏன் டாக்டரானீர்கள் என்று கேட்டால் அவர் "சேவை" என்ற வார்த்தையையே சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒரு ராத்திரியைச் சொன்னால் போதும்.

இன்னொன்று நம் செங்கல்பட்டிலேயே நடந்தது. திருமணியில் தொழுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறதே, நம்மில் பலர் பஸ்ஸில் போகும்போது அந்தப் பக்கம் பார்க்காமலேயே போவோம். 1947-ல் அங்கே டாக்டர் காக்ரேன் என்பவர் பொறுப்பில் இருந்தார். வேலூரிலிருந்து பால் பிராண்ட் என்ற எலும்பு அறுவை டாக்டர் ஒருவர் அவரைப் பார்க்க வந்தார். கொல்லிமலையில் பிறந்தவர், அப்போது முப்பத்து மூன்று வயதுதான். அங்கே ஒரு நோயாளியின் விரல்கள் கொக்கி மாதிரி மடங்கி இருந்தன. பிராண்ட் தன் கையை அந்தக் கையில் கொடுத்து, "அழுத்திப் பிடி" என்றார். அந்த ஆள் பிடித்த பிடியில் டாக்டருக்கு வலி உயிர் போனது. பிடித்தவருக்கோ எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியவில்லை, கையில் உணர்ச்சி இல்லை. அப்போதுதான் டாக்டருக்கு உறைத்தது: இந்தக் கை செத்துப்போன கை இல்லை, உள்ளே நல்ல தசை இருக்கிறது. அப்படியானால் ஏன் யாரும் இதற்கு ஆபரேஷன் செய்து பார்க்கவில்லை? அந்தக் கேள்வியோடு வேலூருக்குத் திரும்பிப் போனவர், மடங்கிய விரலை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையைச் செய்து காட்டினார். உணர்ச்சியற்ற கால்களைப் பற்றி அவர் கற்றுக்கொண்டது பின்னாளில் அமெரிக்காவில் சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கும் உதவியது.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அனுபவம் என்றால் பெரிய ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டு போட்டு நிற்பது என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். "எனக்கு என்ன அனுபவம் இருக்கு, வீட்டுலதான இருக்கேன்" என்கிறார்கள். ஒரு கையைப் பிடித்துப் பார்த்து "ஏன்?" என்று கேட்பதும் அனுபவம்தான். அந்த மாதிரி அனுபவம் நம் கடற்கரையில் கொட்டிக் கிடக்கிறது.

மாமல்லபுரத்தில் சிற்பி வீட்டுப் பெண்ணுக்கு, கல் தூசியில் வேலை செய்யும் அப்பாவின் இருமலைப் பற்றித் தெரியும். மூக்கில் துணி கட்டச் சொன்னால் ஏன் கட்டமாட்டேன் என்கிறார் என்பதும் தெரியும். மீனவர் வீட்டுப் பெண் திருக்கை முள் குத்தியதையும், நைலான் வலை அறுத்த கையையும் பார்த்திருப்பாள். வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை என நான்கு பாம்பின் விஷத்தையும் எடுத்துக் கொடுக்கிறார்கள். அதிலிருந்துதான் விஷமுறிவு மருந்து தயாராகிறது. நம் மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. இருளர் குழுவைச் சேர்ந்த சகோதரியின் மகள், "பாம்பு கடித்தால் கீறக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும், எங்க தாத்தா எடுத்த விஷம்தான் அங்கே மருந்தாகக் காத்திருக்கு" என்று சொன்னால் அந்த அறையில் யார் எழுந்து அடுத்த கேள்வி கேட்பார்கள்?

நம் உறுப்பினர்கள் சிலர் 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலராக வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். கூடவே போய் விவரத்தைப் போனில் பதிந்து கொடுக்கும் மகள்களும் இருக்கிறார்கள். மாத்திரை கையில் கொடுத்தும் ஏன் சாப்பிடாமல் வைத்திருக்கிறார்கள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். பெரிய டாக்டருக்கே தெரியாத விஷயம் அது!

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, நம் கதையைப் பிள்ளை தன் கதையாகச் சொல்லக்கூடாது. 2004 டிசம்பர் 26 சுனாமி நமக்கு நேற்று மாதிரி இருக்கிறது. இன்று நீட் எழுதும் பிள்ளை அப்போது பிறக்கவே இல்லை. "சுனாமியில நான் பார்த்தேன்" என்று சொன்னால் எதிரில் இருப்பவர் பிறந்த தேதியைப் பார்ப்பார், அதோடு முடிந்தது. "எங்க அம்மா சொல்லக் கேட்டிருக்கேன்" என்று சொல்லலாம். இரண்டாவது, நோயாளியின் பெயர் சொல்லவே கூடாது. எதிர்வீட்டு அண்ணனுக்கு டி.பி., பின் தெருவில் ஒருவருக்குத் தொழுநோய் என்று பெயரோடு சொன்னால், ரகசியம் காக்கத் தெரியாத பிள்ளை என்று நினைப்பார்கள். "எங்கள் தெருவில் ஒருவர்" போதும். பணம் கட்டி வாங்கும் அனுபவச் சான்றிதழும் நம் பிள்ளைகளுக்குத் தேவையில்லை.

எப்படிப் பழக்குவது? எம்.எஸ்.டபிள்யூ. படிக்கும்போது எங்களுக்கு ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். களத்துக்குப் போய் வந்த அன்றே நோட்டில் எழுத வேண்டும், ஒரு பக்கம் கண்ணால் பார்த்தது, எதிர்ப்பக்கம் நாம் நினைத்தது. "அந்தப் பாட்டி சோகமாக இருந்தார்" என்பது நினைத்தது. "மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினார்" என்பது பார்த்தது. பிள்ளையை இப்படி ஒரு நோட்டுப் போடச் சொல்லுங்கள். பிறகு ராத்திரி சாப்பாடு முடிந்து நீங்கள் கேட்க வேண்டியதுதான். இப்படிப் போகும்:

"ஏன் நர்சாகணும்?"

"ஏழைங்களுக்கு சேவை செய்யணும்."

"எந்த ஏழைக்கு?"

"...நம்ம ஆயாவுக்குன்னு வெச்சுக்கோயேன்."

"ஆயாவுக்கு என்ன?"

"சுகரு. கால்ல புண்ணு. நீ வேலைக்குப் போனப்போ நாந்தானே கட்டு மாத்தினேன்."

"எத்தனை நாளு?"

"நாற்பது நாள் இருக்கும். மொத நாள் நாத்தம் தாங்காம வெளிய ஓடிட்டேன். அப்புறம் பி.எச்.சி. நர்ஸ் அக்கா செய்யறதைப் பார்த்துக் கத்துக்கிட்டேன்."

"அதுல உனக்கு என்ன புரியாம இருந்துச்சு?"

"கால்ல கண்ணாடி குத்தினது ஆயாவுக்குத் தெரியவே இல்லம்மா. ஏன் வலிக்கலன்னு நர்ஸ் அக்காகிட்ட கேட்டேன்."

பாருங்கள், ஐந்து கேள்வி. அதில் ஒரு கேள்விக்குக்கூட நமக்கு மருத்துவம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எந்த, எத்தனை, எப்போது, அப்புறம் என்ன, உனக்கு என்ன புரியவில்லை. மாதக் கூட்டத்தில் வரவு செலவு முடிந்த பிறகு பத்து நிமிடம் பிள்ளையை நடுவில் உட்கார வைத்து எல்லோரும் கேளுங்கள். வீட்டில் அம்மாவிடம் சொல்வதைவிடப் பன்னிரண்டு பேர் முன்னால் சொல்வது கஷ்டம். அந்தக் கூச்சம் இங்கேயே போகட்டும். முதல் நாள் வெளியே ஓடியதை மறைக்கச் சொல்லாதீர்கள், அதுதான் அந்தக் கதையை நம்ப வைக்கிறது. மனப்பாடம் செய்யவும் விடாதீர்கள். நடுவில் ஒரு வரி மறந்தால் மொத்தமும் போய்விடும். ஆங்கிலத்தில் பேச வேண்டியிருக்கும் என்பதால், இதே கதையைச் சின்னச் சின்ன வாக்கியமாக ஆங்கில ஆசிரியையிடம் சொல்லிப் பழகட்டும். கேள்வி புரியாவிட்டால் "மறுபடி சொல்லுங்க" என்று கேட்பது தப்பில்லை.

கடைசியாக ஒரு கேள்வி. அது பிள்ளைக்கு வந்தாலும் பதில் சொல்ல வேண்டியது நாம். ராணுவ நர்சிங் என்றால் காஷ்மீரிலும் அசாமிலும் வேலை இருக்கும். "உங்க வீட்டுல அனுப்புவாங்களா? கல்யாணம் பேச ஆரம்பிச்சா என்ன பண்ணுவே?" என்று கேட்டால் அந்தப் பெண் என்ன சொல்வாள்? "அம்மாவைக் கேட்டுச் சொல்றேன்" என்று இழுத்தால் போச்சு. படிப்பை முடித்துச் சில வருடம் வேலை பார்ப்பதாகப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும், பாதியில் விட்டால் பணம் கட்ட வேண்டி வரும். எனவே விண்ணப்பம் போடுவதற்கு முன்பே வீட்டில் பேசி முடியுங்கள். அப்பா, மாமா, பெரியப்பா எல்லோரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். "எங்க அம்மா அனுப்பறேன்னு சொல்லிட்டாங்க" என்று அந்தப் பெண் நேராகப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றால், நீங்கள் உண்மையாகவே சொல்லியிருக்க வேண்டும்.

போக்குவரத்துச் செலவுக்கு வெளியில் வட்டிக்கு வாங்காதீர்கள். கூப்பிடு கடிதம் வந்த பிறகு ரயில் டிக்கெட் கிடைப்பது சிரமம், பிள்ளையோடு ஒரு ஆளும் போக வேண்டும். குழுவில் கல்விக்கான உள்கடனாகத் தீர்மானம் போட்டு, தொகையை முன்கூட்டியே ஒதுக்கி வைக்கலாம். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றுக்கும் அசலும் மூன்று நகலும் எடுத்து ஒரே பையில் போட்டு வையுங்கள். பெயரில் இனிஷியல் ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இந்த மாதமே பாருங்கள், தாலுகா ஆபீசில் திருத்தி வாங்க நாள் ஆகும்.